எதிர்வெயில்

நான் விமானம் வரைகிறவள். ஊரில் இதைச் சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் அதற்கெல்லாம் ஆள் இருக்கிறார்களா என்று கேட்பார்கள். திருத்தணியில் தூரிகை பிடித்தவர்கள் எல்லோரும் வேலும் மயிலும் வரைந்து பிழைக்கும்போது இவளுக்கு மட்டும் ஏன் இந்தக் கோணல் புத்தி என்று என் மாமியார் இருந்தவரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார். என்ன செய்வது, எனக்கு மயிலின் கழுத்தைவிட விமானத்தின் வயிறுதான் அழகாகத் தெரிகிறது.

அரக்கோணத்தில் கடற்படை விமானத்தளம் இருப்பதால் என் பிழைப்பு ஓடுகிறது. அங்கிருந்து மாற்றலாகிப் போகிறவர்களுக்கும் ஓய்வு பெறுகிறவர்களுக்கும் உடன் வேலை செய்தவர்கள் சேர்ந்து ஒரு படம் கொடுப்பார்கள். அவர் எந்த விமானத்தில் பறந்தாரோ அந்த விமானம், அவருக்குப் பிடித்த ஒரு வானம். விமானிகளைப் போலப் பொல்லாத ரசிகர்களை நான் பார்த்ததில்லை. வானத்தைப் பச்சையாக அடித்தாலும் பேசாமல் இருப்பார்கள். வயிற்றுப் பக்கத்துக் கம்பி ஒன்று விரற்கடை தள்ளியிருந்தால் போதும், படம் திரும்பி வந்துவிடும்.

அதனால் எனக்கென்று ஒரு வேலைமுறை உண்டு. பிளாஸ்டிக்கில் வருகிற பொம்மை விமானங்களை ஒட்டிச் சேர்த்து, துடைப்பக் குச்சியில் குத்தி, களிமண் உருண்டையில் நட்டு வைப்பேன். ஜன்னலைச் சாத்திவிட்டு மேசை விளக்கைப் போடுவேன். அந்த விளக்குதான் சூரியன். அதை நகர்த்தி நகர்த்தி, எந்த இறக்கையின் நிழல் எங்கே விழுகிறது, தகடு எங்கே மின்னுகிறது என்று பார்த்த பிறகுதான் பென்சிலைத் தொடுவேன். விமானம் யார் வேண்டுமானாலும் வரையலாம். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் வரைந்தால் அது காலண்டர் படமாகிவிடும்.

இந்த வேலைமுறைதான் எங்கள் வீட்டில் ஐம்பது வருடமாக யாருக்கும் தெரியாத ஒன்றை எனக்குக் காட்டிக்கொடுத்தது. காட்டாமலே இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

என் மாமனார் போர் விமானி. எழுபத்தொன்றாம் வருடப் போரில் ஒற்றை ஆள் உட்காரும் சின்ன விமானத்தில் பறந்தவர், ஒரு எதிரி விமானத்தைச் சுட்டு வீழ்த்திப் பதக்கம் வாங்கியவர். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. ஊரில் அவர் பெயர் யாருக்கும் தேவையில்லை, பைலட் ஐயா என்றால் ஆட்டோக்காரர் நேராக எங்கள் வாசலில் கொண்டுவந்து விடுவார். குடியரசு தினத்துக்குப் பள்ளிக்கூடங்கள் போட்டி போட்டுக்கொண்டு அவரைக் கொடியேற்றக் கூப்பிடும். போனால் அந்தச் சண்டையின் கதையைச் சொல்லவைக்காமல் விடமாட்டார்கள். வீட்டிலும் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது ஒரு விருந்தாளி கேட்டுவிடுவார், அவரும் சொல்வார். கல்யாணமாகி வந்த இருபத்தாறு வருடத்தில் அதை எத்தனை முறை கேட்டேனோ, எனக்கு எழுத்துப் பிசகாமல் பாடம்.

"ரெண்டு பேரு போனோம். லீடர் முன்னால, நான் நம்பர் டூ, பின்னால. லீடர் வேட்டையாடுவாரு. நம்பர் டூவுக்கு ஒரே வேலதான், லீடரோட முதுகப் பாத்துக்கணும். முன்னாடி இன்னா நடந்தாலும் நாம பாக்கறது பின்னாடி. கீழ ஒருத்தன் தனியா போய்கினு இருந்தான். எங்களப் பாத்துட்டு நேரா சூரியனப் பாத்து ஓடினான். லீடர் தொரத்தினாரு, நானும் போனேன். எதிர்வெயிலு. கண்ணாடி பூரா வெள்ளையாயிடுச்சி. லீடர் எங்க இருக்காருன்னே தெரியல. தேடிகினே இருக்கேன், எனக்கு எடது பக்கம் அவரு எரிஞ்சிகினு கீழ போறாரு. பின்னாடி இன்னொருத்தன் வந்து அடிச்சிருக்கான். முன்னால ஓடினவன நான் உடல. அந்த வெயில்லயே, கண்ணக்கூட தொறக்க முடியாம, சுட்டேன்."

இங்கே கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அவர் சுவரைக் காட்டுவார். கூடத்துச் சுவரில், இயேசு படத்துக்கும் மாமியாரின் கல்யாணப் போட்டோவுக்கும் நடுவில், அவர் சுட்ட விமானத்தின் போட்டோ சட்டம் போட்டு மாட்டியிருக்கும். போர் விமானத்தின் மூக்கில் ஒரு கேமரா வைத்திருப்பார்கள். துப்பாக்கி விசையை அழுத்தினால் அதுவும் தானாகப் படம் எடுக்கும். அப்படி விழுந்த கறுப்பு வெள்ளைப் படம். எதிரி விமானத்தின் பின்பக்கம், இரண்டு இறக்கை, வாலருகே ஒரு புகைக் கொத்து. பண்டிகைக்குப் பண்டிகை அதைத் துடைத்து மாட்டுவது என் வேலை. இருபத்தாறு வருடம் துடைத்திருக்கிறேன், ஒருநாளும் பார்த்ததில்லை.

எரிந்து விழுந்த லீடருக்கு ஒரு தங்கை. போர் முடிந்ததும் மாமா முதல் வேலையாகப் பெரம்பூரில் அவர்கள் வீட்டுக்குப் போய், லீடருடைய அம்மாவின் காலடியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாராம். எதிர்வெயில் கதையைத்தான். அந்த அம்மா இவர் தலையைத் தடவி, நீயாவது வந்து சேர்ந்தாயே என்றாராம். அன்றிலிருந்து அந்தத் தங்கைக்கு இவர் தம்பி. அந்த அக்கா வருடா வருடம் ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த பிறகு ரயிலேறி வருவார், மலைக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் போவார். தீபாவளிக்கு முறுக்கு டப்பா வரும், கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து கேக் போகும். எனக்கு அவர் பெரியம்மா.

போன வருடம் ஒருநாள் பெரியம்மா போன் செய்தார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்மா. ஊருக்கெல்லாம் ஏரோப்ளேன் வரையற. எங்க அண்ணன் கடைசியா இருந்த எடத்த எனக்கு ஒண்ணு வரைஞ்சி குடேன். ஒடம்பும் வரல, எலும்பும் வரல. பூ வெக்கறதுக்கு எடமே இல்லியே எனக்கு. எங்க அம்மா அப்படியே கேட்டுகினே போய்ட்டாங்க."

சரி பெரியம்மா என்றேன். வேறென்ன சொல்வது?

"உள்ளபடி வரையணும். எனக்காக அழகு பண்ணாத. எப்படி இருந்துச்சோ அப்படி."

மாமாவிடம் சொன்னேன். அவருக்கு இரண்டு வருடமாகப் பார்வையின் நடுப்பகுதி போய்க்கொண்டிருந்தது. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு, சுற்றிலும் மட்டும் மங்கலாகத் தெரியும். நம் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இவர் ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறார் என்று சங்கடப்படுவார்கள். ஓரத்தில் இருப்பதும் வருடக் கணக்கில் நிற்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் சொன்னதைக் கேட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னைத்தான் பார்த்தார்.

"உள்ளபடின்னா கேட்டாங்க?"

"ஆமா மாமா."

அன்று சாயங்காலம் மாடியில் என் அறைக்குப் படி எண்ணி எண்ணி ஏறி வரும் சத்தம் கேட்டது. கையில் கூடத்துப் போட்டோ. ஆணியிலிருந்து அவரே தடவிக் கழற்றியிருக்கிறார், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"இத வெச்சி வரை. நான் சொன்னத வெச்சி வரையாத. எனக்கு வயசாயிடுச்சி. போட்டோ மறக்காது."

கிழவருக்கு எல்லாவற்றிலும் ஒரு கறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு எப்போதும் இந்த அவசரம் உண்டு. ஒருவர் வாயைத் திறப்பதற்குள் அவர் எந்த ரகம் என்று முடிவு கட்டிவிடுவேன். அன்றைக்கும் கட்டினேன்.

அடுத்த நாள் காலை மூன்று பொம்மை விமானங்களைக் குச்சியில் நட்டேன். ஓடுகிற எதிரி, பின்னால் மாமா, இடது பக்கம் தள்ளி லீடர். மாமா வந்து மூலை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஜன்னலைச் சாத்தினேன். விளக்கை எதிரி விமானத்துக்கு முன்னால் வைத்து, மாமாவின் விமானம் இருந்த இடத்தில் கன்னத்தை மேசையில் வைத்துப் பார்த்தேன். கண் கூசியது. எதிரி விமானம் கரிக்கட்டையாகத் தெரிந்தது, சுற்றி ஒரு வெள்ளிக் கோடு. நன்றாகத்தான் இருந்தது. வால் பகுதி எப்படி என்று பார்ப்பதற்காகப் போட்டோவைக் கையில் எடுத்தேன்.

மலைப்படியில் கல்யாணப் போட்டோ எடுக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வெயிலை முதுகில் வைத்துக்கொண்டு நின்றால் மாப்பிள்ளை பெண் இருவர் முகமும் கறுத்துவிடும் என்று போட்டோக்காரர் அவர்களைத் திருப்பி நிறுத்துவார். அவ்வளவுதான் விஷயம், அதற்கு ஓவியக்காரியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எதிர்வெயிலில் எடுத்தால் பொருள் கறுப்பாக விழும். என் கையிலிருந்த போட்டோவில் அந்த விமானம் வெளுத்துக் கிடந்தது. வால் மேல் வெயில் பளீரென்று அடித்திருந்தது. அதில் எழுதியிருந்த எண்ணைக்கூடப் பாதி படிக்க முடிந்தது. இறக்கையின் நிழல் முன்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

விளக்கைத் தூக்கி மாமாவின் விமானத்துக்குப் பின்னால் வைத்தேன். விளக்கின் இரும்புப் பாதம் மேசையில் டக்கென்று உட்கார்ந்தது. குனிந்து பார்த்தேன். போட்டோவும் பொம்மையும் ஒன்றாக இருந்தன.

வெயில் இவர் முதுகில் இருந்திருக்கிறது. கண் கூசவில்லை. முன்னால் எல்லாம் துலக்கமாகத் தெரிந்திருக்கிறது, ஓடுகிறவனின் வாலில் இருந்த எண் உட்பட. அப்படியென்றால் லீடரை இவர் தவறவிட்டது வெயிலால் இல்லை. தனியாக ஓடுகிற ஒருவனைப் பார்த்ததும், முதுகைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பையன் வேட்டைக்குப் போய்விட்டான். இருபத்திரண்டு வயது. அவன் பின்னால் பார்க்கவே இல்லை.

மூலையில் மாமா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். அந்நேரம் அரக்கோணத்துக்கு இறங்குகிற பெரிய விமானம் ஒன்று வீட்டுக்கு மேலே போனது. வழக்கமாகச் சத்தத்தை வைத்தே இன்ன விமானம், இன்ன உயரம் என்று சொல்வார். அன்று சொல்லவில்லை.

என் கணவரிடம் மட்டும் சொன்னேன். அவர் ரயில்வேக்காரர், தண்டவாளம் போல ஒரே வழியில் போகிறவர். போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டென்று கோபம் வந்துவிட்டது.

"நைனாவுக்கு எழுவத்தஞ்சு தாண்டிடுச்சி. கண்ணு போய்கினு இருக்கு. இப்ப போயி இத நோண்டுவியா நீ? அவரு சொன்ன மாதிரியே போட்டுட்டுப் போ."

"பெரியம்மா உள்ளபடின்னு கேட்டாங்களே."

"பெரியம்மாவுக்கு மட்டும் இதத் தெரிஞ்சிகினு இன்னா ஆவப்போவுது? அம்பது வருசமா ஒரு தம்பின்னு நெனச்சிகினு இருக்காங்க. அதையும் புடுங்கிக்குவியா?"

போட்டோவை அவர் கையிலிருந்து வாங்கி மாடிக்குக் கொண்டுபோனேன்.

இருந்தாலும் ஒரு நாள் மாமாவிடம் சுற்றிவளைத்துக் கேட்டுப் பார்த்தேன். மாமனாரை நேருக்கு நேர் நிறுத்தி நீங்கள் சொன்னது பொய்தானே என்று கேட்கிற மருமகள் எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. காபி கொடுக்கிற சாக்கில் கேட்டேன்.

"மாமா, வெயில எந்தப் பக்கம் போடறது?"

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "போட்டோல எப்படி இருக்குது?"

இவ்வளவுதான் கேட்டார். நான் பார்த்ததைச் சொல்லியிருக்க வேண்டும். வெளிச்சம் உங்கள் பின்னாலிருந்து வருகிறது மாமா, ஐந்தே சொல். ஆனால் நான் என்ன நினைத்தேன்? பாவம், பயத்தில் கேட்கிறார், நான் கண்டுபிடித்துவிட்டேனா என்று நூல் விட்டுப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவரைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று சொன்னேன்.

"போட்டோ மங்கிப்போச்சு மாமா. ஒண்ணும் சரியாத் தெரியல."

காபியில் ஆடை கட்டிவிட்டது.

"அப்படியா," என்றார். பிறகு, "சரி. உனக்குத் தெரிஞ்ச மாதிரி போடு."

நிம்மதியாக மூச்சு விட்டேன். மரமண்டை.

எதிர்வெயில் வைத்தே வரைந்தேன். ஒன்றரை மாதம். ஒன்று சொல்லியாக வேண்டும், அது நான் வரைந்ததிலேயே நல்ல படம். பொய்க்கு என்று வந்தால் கை எப்படி விளையாடுகிறது என்று எனக்கே வெட்கமாக இருந்தது. சூரியனைச் சுற்றி மஞ்சள் கூட இல்லாத அப்படி ஒரு வெள்ளை, பார்க்கிறவர்கள் கையைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொள்வார்கள். எதிரி விமானம் கரித்துண்டு. இடது ஓரத்தில் லீடரின் விமானம், தீ பற்றிய நொடி, அதற்கு மேலே மேகத்தின் நிழலில் அதை அடித்தவன். நடுவில் வெளிச்சத்துக்குள் குருடாகப் போய்க்கொண்டிருக்கும் மாமாவின் விமானம்.

படம் நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை பெரியம்மா வந்தார். மொட்டை போட்டுச் சந்தனம் பூசின குடும்பங்களுக்கு நடுவில் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்து, இந்த முறை மலைக்குக்கூடப் போகாமல், நேராக வீட்டுக்கு வந்தார். மூட்டுவலி. கைப்பையில் ஒரு முழம் மல்லிகை, வாழையிலையில் சுற்றியது. படத்தைக் கூடத்துக்கு இறக்கி நாற்காலி மேல் நிறுத்தி வைத்திருந்தேன். மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சவரம் செய்துகொண்டு, சர்ச்சுக்குப் போகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. படத்தைப் பார்ப்பதற்காகத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். ஏதோ வெள்ளையாக இருக்கிறது என்பதற்கு மேல் அவருக்குத் தெரிந்திருக்காது.

"இதுல எங்க அண்ணன் எங்கம்மா?"

காட்டினேன். பெரியம்மா கிட்டே போய் நின்றார். தீப்பிடித்த விமானத்தைத் தொடப் போனவர் தொடாமல் கையை எடுத்துக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. வெகுநேரம் பார்த்தார். பிறகு நான் எதிர்பார்த்ததைப் போலவே கையைத் தூக்கி நெற்றியில் வைத்து, அந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்தார்.

"ஐயோ, இன்னா வெயிலு. இந்த வெயில்ல நீ இன்னாத்தப் பாத்திருப்ப தம்பி? பச்சப்புள்ள நீயி. எனக்கே ஒரு மூலைல இருந்துச்சி, சொல்றேன் கேளு. இவன் கொஞ்சம் பாத்திருக்கக் கூடாதான்னு எத்தினியோ நாளு மனசுக்குள்ள உன்னத் திட்டியிருக்கேன். இப்பதான் தெரியுது. யாரா இருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. என்ன மன்னிச்சிடுப்பா."

என்று சொல்லி, அந்த வயதில், மாமாவின் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மாமா கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். முகத்தை ஒரேயடியாக அந்தப் பக்கம் திருப்பினார், அதாவது என்னைப் பார்த்தார்.

"சூரியன எங்க வெச்ச?"

கூடத்தில் நாங்கள் மூன்று பேர்தான். பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எதிர்லதான் மாமா," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நல்லது என்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

பெரியம்மா கொண்டுவந்த மல்லிகையைப் படத்தின் சட்டத்தில், லீடரின் விமானத்துக்கு நேர் மேலே சுற்றினார். சாம்பார் சாதம் இரண்டு வாய் சாப்பிட்டார். படத்தைப் பழைய போர்வையில் சுற்றிக் கட்டி, என் கணவர் ரயிலேற்றிவிட்டு வந்தார். மாமா தட்டைத் தொடவே இல்லை. பாத்திரத்தை ஒழித்துப் போட்டுவிட்டு நான் கூடத்துக்கு வந்தபோது படம் இருந்த வெற்று நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கி மேல நீ லைட்டத் தூக்கி இந்தப் பக்கம் வெச்ச இல்ல? டக்குன்னு ஒரு சத்தம் கேட்டுது. எனக்குத் தெரிஞ்சிடுச்சி. அப்பாடா, மருமவ கண்டுபுடிச்சிட்டான்னு நெனச்சேன்."

நான் தரையில் அவர் காலருகே உட்கார்ந்தேன்.

"அம்பது வருசமா வாயில வரமாட்டேங்குது. அவங்க அம்மா தலையத் தடவினாங்களே, அன்னிக்கே தொண்டையில ஒட்டிக்கிச்சி. நீ வரைஞ்சா படம் சொல்லிடும், அவங்களாவே பாத்துக்குவாங்க, அப்பறம் திட்டட்டும், மூஞ்சில துப்பட்டும்னு இருந்தேன். அதுக்குத்தான் போட்டோவக் கொண்டாந்து உன் கைல குடுத்தேன்."

"மாமா, நான் உங்களுக்கு..."

"தெரியும். எனக்காகத்தான் செஞ்ச. உன்மேல தப்பில்ல." வெற்று நாற்காலியின் பக்கம் கையைக் காட்டினார். "அவங்க வந்து என்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போறாங்கம்மா. நான் இன்னா பண்ணுவேன்?"

எனக்கு அழுகை வந்தது. அவருக்காக மட்டும் இல்லை, என் மேல் வந்த ஆத்திரத்திலும்தான். இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் ஒரு மனிதர் கதவைத் தட்டுகிறாரா, கதவைச் சாத்தச் சொல்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை பாவ அறிக்கையை எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் சொல்வோம். அந்த இடத்தில் மட்டும் பக்கத்தில் இவர் குரல் கேட்காது. ஞானப்பாட்டுக்குக் கட்டடம் அதிரப் பாடுகிறவர் இதற்கு ஏன் வாயை மூடிக்கொள்கிறார் என்று ஒரு தடவைகூட நான் யோசித்ததில்லை.

மறுநாளே சட்டத்தில் புதுத் துணி கட்டி இரண்டாவது படத்தைத் தொடங்கினேன். விளக்கைப் பின்னால் வைத்தேன், அவருக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் ஓங்கியே வைத்தேன். இந்தப் படத்தில் வெயில் எதையும் மறைக்கவில்லை. சாயங்கால வெளிச்சம் மாதிரி எல்லாவற்றின் மேலும் ஒரே சீராக விழுந்தது. ஓடுகிற எதிரியின் வாலில் எண் தெரியும். லீடரின் பின்னால் இன்னொருவன் வருவது தெரியும், தலையைத் திருப்பினால் போதும் என்கிற தூரம். மாமாவின் விமானத்துக் கண்ணாடிக்குள் அவருடைய தலைக்கவசம், நேராக முன்னால் பார்த்தபடி. அந்தத் தலைக்கவசத்தை மட்டும் மூன்று தடவை சுரண்டிவிட்டு வரைந்தேன். இந்தப் படம் அழகாக வரவில்லை. ஆனால் கம்பி ஒன்றுகூட விரற்கடை தள்ளியில்லை.

முடிந்தது என்று சொன்னேன். "காஞ்ச ஒடனே எடுத்துகினு போவணும்," என்றார் மாமா. "நானே நேர்ல குடுக்கறேன். நீ கூட வா, போதும்."

எண்ணெய் வண்ணம் காய நாளாகும். வெள்ளை அதிகம் குழைத்த இடமென்றால் இன்னும் நாளாகும். முதல் இரண்டு வாரம் அவர் தினமும் படியேறி வந்து, காய்ந்ததா என்று கேட்பார். இன்னும் இல்லை மாமா என்பேன். அது நிஜம்தான்.

இதற்கிடையில் பெரியம்மாவின் போன் வரும். படத்தைப் பூஜை மாடத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாராம். தினமும் ஒரு முழம் பூ வைக்கிறாராம். "இப்பதான்மா எங்க அண்ணனுக்கு ஒரு எடம் கெடச்சிருக்கு," என்றார் ஒரு தடவை. "தம்பி மேல இருந்த மனக்குறையும் போயி, ராவுல நல்லாத் தூங்கறேன்." இன்னொரு தடவை அவர் மகள் பேசினார், அம்மாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள், அதிர்ச்சியான விஷயம் எதுவும் சொல்லாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மாமா கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் படியேறி வந்து கேட்டார், நான் இன்னும் இல்லை மாமா என்றேன். அதற்கு மறுநாளும்.

இதெல்லாம் நடந்து நான்கு மாதம் ஆகிறது. படம் கல்லாகக் காய்ந்துவிட்டது. மாமாவுக்கு ஓரப் பார்வையும் முக்கால்வாசி போய்விட்டது, படி எண்ணுவதில் தப்பு வருகிறது, என் கணவர் அவரை மாடிக்கு விட வேண்டாம் என்று சத்தம் போடுகிறார். அவர் கேட்பதில்லை. போனால் பெரியம்மாவின் உயிருக்கே ஆபத்து, போகாவிட்டால் இவர் இதைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு போய்ச் சேர வேண்டும். எனக்கு இரண்டில் எதைத் தேர்ந்தெடுக்கவும் துணிச்சல் இல்லை. யாராவது தீர்த்து வைத்தால் தேவலை என்று காலையில் எழுந்திருக்கும்போதே தோன்றுகிறது.

நேற்றும் வந்தார். "காஞ்சிடுச்சா?"

நான் பதில் சொல்வதற்குள் கையை நீட்டிவிட்டார். விரல் படத்தின் மேல் இறங்கியது. லீடரின் விமானத்தைத் தொட்டு, தீயைத் தொட்டு, கட்டித்த வண்ணத்தின் மேல் மெல்ல நகர்ந்து, அந்தத் தலைக்கவசம் வரைக்கும் வந்து நின்றது. சொரசொரவென்று விரல் உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

"ஆங்," என்றார். "இன்னும் ஈரமாத்தான் இருக்கு."

நான் துடைக்கிற துணியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ஒன்றும் ஒட்டாத விரலை அவர் நன்றாகத் துடைத்துக்கொண்டார்.